போத்ருஷாலில் பாஸ்கா: ஒரு ரூசின் கிராமத்தில் ஆறு நாள்

பெரிய வியாழன்

பாஸ்கா என்கிற உயிர்ப்புப் பெருவிழாவுக்காக, ஸ்லோவாக்கியாவின் வடகிழக்கில் இருக்கும் போத்ருஷால் கிராமத்துக்குப் போகிறோம். வழியில் ஸ்வித்னீக் நகரத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதல் வேலை கடைக்குப் போவது. நாளை பெரிய வெள்ளி. ஸ்லோவாக்கியாவில் அன்று கடை திறக்கச் சட்டம் இடம் தராது. ஞாயிறும் திங்களும் அப்படித்தான். நடுவில் சனிக்கிழமை மட்டும் திறப்பார்கள். சின்னக் கடைகளில் அதுவும் மதியத்தோடு சரி. மாவு, பால், முட்டை, ஈஸ்ட் நான்கையும் இன்றே வாங்கிவிடுங்கள். ஈஸ்ட் இங்கே 42 கிராம் கட்டியாகக் காகிதத்தில் சுற்றி, குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். வட்டாரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் ரொட்டி சுடப்போகிறார்கள் என்பதால் முதலில் தீர்ந்துபோகிற சாமான் அதுதான்.

வரும் வழியைச் சொல்லிவிடுகிறோம். கோஷித்ஸே நகரம் வரை விமானமோ ரயிலோ. அங்கிருந்து ப்ரெஷோவுக்கு ரயில். அதற்கு மேல் பேருந்துதான், ஸ்வித்னீக்குக்கு ரயில் பாதை கிடையாது. ஸ்வித்னீக்கிலிருந்து வடக்கே துக்லா கணவாய் வழியாகப் போலந்துக்குப் போகிறது 21ஆம் எண் சாலை. லதோமிரோவா, ஹுன்கோவ்த்ஸே தாண்டி, க்ராய்னா போல்யானா பக்கம் கிழக்கே பிரிந்தால் போத்ருஷால்.

பேருந்து அட்டவணையில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில். நேரத்துக்குப் பக்கத்தில் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் இருந்தால் அது வேலைநாள் பேருந்து. சிலுவைக் குறி இருந்தால் ஞாயிறும் விடுமுறையும். வட்டத்துக்குள் 1 முதல் 7 வரை எண் இருந்தால் திங்கள் தொடங்கிக் கிழமை எண்ணிக்கை. சின்ன ஊர்ப் பேருந்துகளில் பெரும்பாலும் சுத்தியல்தான். ஆகவே இன்று மாலை ஊருக்குள் வந்துவிட்டால் செவ்வாய்க்கிழமை காலை வரை பேருந்தை நம்ப வேண்டாம்.

ஊரில் நூறு பேர்கூட இல்லை. ஓடையை ஒட்டி ஒரு சாலை, சாலையை ஒட்டி வீடுகள். மரவீடுகளை எதிர்பார்த்து வருகிறவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள்: பெரும்பாலும் செங்கல் கட்டிப் பூசிய வீடுகள். 1944 போரில் இந்தப் பள்ளத்தாக்கில் பல ஊர்கள் அழிந்தன, அதற்குப் பிறகு கட்டியவை இவை. பழைய வீட்டின் அமைப்பைப் பார்க்க ஸ்வித்னீக்கில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும், அதுவும் கோடையில். நடுவில் ஒரு நடை, ஒரு பக்கம் அடுப்பு உள்ள வாழும் அறை, மறுபக்கம் சாமான் அறை, அதே கூரையின் கீழ் தொழுவம். வாழும் அறைக்கும் வீட்டுக்கும் ஒரே சொல், 'ஹிஜா'.

இவர்கள் ரூசின்கள். கார்பாத்திய மலையின் கிழக்கு ஸ்லாவிய மக்கள், எழுத்து சிரில்லிக். 1950களில் இவர்களை உக்ரேனியர் என்றே பதிந்தார்கள், பள்ளியிலும் அந்த மொழிதான். கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த 1989க்குப் பிறகுதான் தங்கள் பெயரைத் தாங்களே சொல்ல முடிந்தது. 1995 ஜனவரி 27 அன்று ஸ்லோவாக்கியாவில் ரூசின் எழுத்துமொழி அறிவிக்கப்பட்டது. 2021 கணக்கெடுப்பில் தங்களை ரூசின் என்று முதலில் பதிந்தவர்கள் 23,746 பேர். இரண்டாவது இனமாகப் பதிந்தவர்கள் அதைவிட அதிகம், 39,810. ஸ்லோவாக்கியராகவும் ரூசினாகவும் ஒரே சமயத்தில் இருப்பது இங்கே சாதாரணம் என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டும். 'நீங்கள் ரஷ்யரா, உக்ரேனியரா' என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள்.

இன்று இரவு முட்டை எழுதுகிற இரவு. எழுதுவது என்பது அவர்கள் சொல்லே: 'பிசாதி' என்றால் எழுது, எழுதிய முட்டை 'பிசாங்கா'. குச்சியின் நுனியில் ஒரு குண்டூசியை, தலை வெளியே தெரியும்படி குத்திக்கொள்கிறார்கள். சின்னத் தகர மூடியில் தேன்மெழுகு, கீழே மெழுகுவர்த்தி. ஊசித் தலையை மெழுகில் தொட்டு, முட்டை மேல் வைத்த கணமே இழுக்க வேண்டும். தொட்ட இடம் உருண்டையாகவும் இழுத்த இடம் வாலாகவும் விழும், கண்ணீர்த் துளி போல. அந்த ஒரே கோட்டைச் சுற்றிச் சுற்றி வைத்தால் சூரியன், நேராக அடுக்கினால் கதிர். பாட்டிமார் ஒவ்வொரு கோட்டுக்கும் ஊசியை மெழுகில் முக்குகிறார்கள். ஒரு முக்கலில் இரண்டு கோடு இழுக்கப் பார்த்தால் இரண்டாவது பாதியில் அறுந்துவிடும்.

மெழுகு சூடு போதாவிட்டால் வால் வராது, புள்ளியாகவே உறைந்துவிடும். புகையத் தொடங்கினால் சூடு மீறிவிட்டது, கோடு வழியும். முட்டையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே எழுதினால் ஓட்டில் நீர் கோத்து மெழுகு ஒட்டாது. அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய முட்டையில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். எழுதி முடித்ததும் வெளிர் நிறத்தில் முதலில், அடர் நிறத்தில் பிறகு. வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஒரு கரண்டி வினிகர் விட்டால் பழுப்புச் சிவப்பு கிடைக்கும். சாயத்தில் சூடு இருந்தால் மெழுகு கழன்றுவிடும், அதனால்தான் ஆறவிடுவது. கடைசியில் மெழுகுவர்த்திச் சுடரின் பக்கவாட்டில் காட்டி, மெழுகு பளபளத்த உடனே மென்துணியால் துடைக்கிறார்கள். சுடருக்கு மேலே பிடித்தால் கரி படியும், போகாது.

தங்கும் வீட்டில் விறகு அடுப்பு இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் இரவு இங்கே உறைநிலையைத் தொடும். கதகதப்பு போய்விடக் கூடாதென்று புகைபோக்கித் தடுப்பைச் சீக்கிரம் அடைத்துவிடாதீர்கள். கங்கு முழுவதும் சாம்பலாகும் வரை அது திறந்தே இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பெரிய வெள்ளி

இன்று மணி அடிக்காது. உயிர்ப்பு வழிபாடு வரை கோவில் மணிக்கு ஓய்வு. அதற்குப் பதில் சிறுவர்கள் மரத்தால் செய்த கிலுக்கைச் சுழற்றிக்கொண்டு தெருவில் போகிறார்கள். பல்சக்கரத்தில் மெல்லிய பலகை உரசி எழுப்புகிற அந்தச் சத்தம் வறண்டது, மணியோடு பழகிய காதுக்குத் துக்கத்தை நன்றாகவே உணர்த்துகிறது.

கோவிலைப் பார்க்க இன்று காலைதான் நல்ல நேரம். மதியத்துக்கு மேல் வழிபாடு. புனித நிக்கோலாஸ் கோவில், 1658இல் கட்டியது. கார்பாத்திய மரக்கோவில்கள் என்று யுனெஸ்கோ 2008இல் பட்டியலில் சேர்த்த எட்டில் ஒன்று. எப்போதும் பூட்டியே இருக்கும். கதவிலோ தகவல் பலகையிலோ சாவி வைத்திருப்பவரின் எண் இருக்கும், அழைத்தால் வருவார்கள். வருகிறவர் பெரும்பாலும் ஒரு பாட்டி, சமையலைப் பாதியில் விட்டு வருகிறார் என்பது மனதில் இருக்கட்டும். முந்தின நாளே நேரம் கேட்டு வைத்துக்கொள்வது மரியாதை. காணிக்கைப் பெட்டியில் சில யூரோக்களைச் சில்லறையாகப் போடுங்கள். அட்டை எடுபடாது. உள்ளே படம் எடுக்கலாமா என்று கேட்ட பிறகே எடுக்க வேண்டும், ஃபிளாஷ் எங்கேயும் கூடாது.

படம் எடுக்க வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும் பாட்டியை வாழ்த்துங்கள். 'ஸ்லாவா இசுசு க்ரிஸ்து' என்றால் இயேசு கிறிஸ்துவுக்கு மகிமை. பதில் 'ஸ்லாவா ந விகி', என்றென்றும் மகிமை. உச்சரிப்பு தடுமாறினாலும் பரவாயில்லை, முகம் மலர்ந்துவிடும்.

கட்டடத்தை மேற்கிலிருந்து கிழக்காகப் படிக்க வேண்டும். மூன்று பகுதி, மூன்று கோபுரம். மேற்கே நுழைவறை, அதன் பெயர் 'பாபினெத்ஸ்', பெண்கள் நின்ற இடம். 'பாபா' என்றால் பாட்டி. நடுவில் மக்கள் கூடும் பகுதி. கிழக்கே பலிபீடம். கோபுரங்கள் கிழக்கிலிருந்து மேற்காக உயர்ந்துகொண்டே போகும், மேற்கே இருப்பதுதான் மிக உயரம், மணி அங்கே. சுற்றிலும் முழு மரங்களை அடுக்கிய வேலி, அந்த வேலிக்கும் தனியாகக் கூரை. வேலிக்குள் பழைய கல்லறைகள்.

பலிபீடத்தை மறைத்து நிற்கிற படச்சுவர்தான் இக்கோனோஸ்தாசிஸ். ரூசின் கோவில்களில் அடுக்கு வழக்கமாக இப்படி: கீழே நான்கு பெரிய படங்கள், இடப்பக்கம் ஓரத்தில் புனித நிக்கோலாஸ், அடுத்து அன்னை மரியா, நடுக்கதவு தாண்டிக் கிறிஸ்து, வலது ஓரத்தில் அந்தக் கோவிலின் பாதுகாவலர். அதற்கு மேல் ஆண்டுத் திருவிழாக்கள், நடுவில் இறுதி இரவுணவு. அதற்கு மேல் திருத்தூதர்கள், உச்சியில் இறைவாக்கினர்களும் சிலுவையும். எழுதப் படிக்கத் தெரியாத மக்களும் இதை வரிசையாகப் படித்தார்கள். இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் அடுத்தடுத்த கோவில்களில் எது மாறியிருக்கிறது என்று கண் தானே தேடும், பார்ப்பதில் சுவை கூடிவிடும்.

கூரையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஓடு முழுவதும் மரப்பலகை, 'ஷிந்தெல்'. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு ஓரம் கத்தி போல மெலிந்திருக்கும், மறு ஓரத்தில் நீளமாகக் காடி வெட்டியிருக்கும். ஒன்றின் கூர் அடுத்ததின் காடிக்குள் நுழையும். மேல்வரிசை கீழ்வரிசையின் ஆணிகளை மூடும். நல்ல ஷிந்தெல் கோடரியால் பிளந்தது. பிளக்கும்போது மரம் தன் நார் போகிற வழியே பிரிகிறது, நார் அறுபடுவதில்லை, தண்ணீர் மேலோடு வழிந்துவிடும். ரம்பத்தால் அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு ஆயிரம் வாய் திறந்துகொள்ளும், அந்த வழியே ஈரம் ஏறிப் பலகை முறுக்கும், சீக்கிரம் உளுக்கும். முதலில் கெடுவது எப்போதும் வடக்குச் சரிவு. வெயில் படாது, பாசி பிடிக்கும், பாசி ஈரத்தைப் பிடித்து வைக்கும். சருகு அடைகிற மடிப்புகளும் அப்படியே. பூட்டியே வைத்த மரக்கோவில் உள்ளிருந்தும் கெடும்: காற்று ஓடாமல் சுவர் அடிமரம் வியர்க்கும். சாவிக்காரப் பாட்டி உலர்ந்த நாளில் கதவுகளை விரியத் திறந்து வைப்பது பராமரிப்பின் ஒரு பகுதி.

மதியத்துக்கு மேல் அடக்க வழிபாடு. கிறிஸ்துவின் உடல் வரைந்த துணியைக் கோவிலைச் சுற்றி எடுத்துவந்து, உள்ளே அமைத்த கல்லறையில் வைக்கிறார்கள். மக்கள் முழங்காலில் நகர்ந்து போய் முத்தமிடுகிறார்கள். பார்வையாளர் பின்னால், சுவரோரமாக நிற்பது நல்லது. நடுவழியில் நிற்க வேண்டாம், அங்கேதான் முழங்காலில் வருவார்கள்.

உணவில் இன்று இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லை. வீடுகளில் 'மாச்சாங்கா' கொதிக்கிறது. ஒரு கைப்பிடி உலர்ந்த காட்டுக் காளானை முந்தின இரவே ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். இரண்டு மூன்று கரண்டி மாவை எண்ணெயில் பழுப்பாக வறுத்து, குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். சூடான நீர் விட்டால் கட்டி தட்டும். கடைசியில் புளிக்கவைத்த முட்டைக்கோஸின் சாறு அரை லிட்டர். காளான் வெந்த பிறகுதான் சாறு: புளிப்பு முன்னால் விழுந்தால் காளான் தோலாகவே நின்றுவிடும். சாற்றிலேயே உப்பு உண்டு, ருசி பார்த்த பிறகு உப்பைத் தொடுங்கள். வேகவைத்த உருளைக்கிழங்கோடு சாப்பிடுகிறார்கள். நம் புளிக்குழம்பு நாக்குக்கு உடனே பிடிக்கும்.

பெரிய சனி

இன்று ஊர் நிறைந்துவிட்டது. கோஷித்ஸே, ப்ராதிஸ்லாவா, செக் நாடு என்று வேலைக்குப் போனவர்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். மூடிக் கிடந்த சன்னல்கள் திறந்திருக்கின்றன, எல்லாப் புகைபோக்கியிலும் புகை. வெளியேறுவது இங்கே பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இந்தப் பகுதி ஆட்கள் பென்சில்வேனியாவின் சுரங்கங்களுக்கும் பிட்ஸ்பர்க் இரும்பாலைகளுக்கும் போனார்கள். தென்கிழக்கே உள்ள மிகோவா என்ற ரூசின் கிராமத்திலிருந்து போன ஒரு குடும்பத்தின் மகன்தான் ஓவியர் ஆண்டி வார்ஹால். ஆண்டில் எந்த நாள் வருவது என்று கேட்டால் இந்த நாளைத்தான் சொல்வோம். மற்ற நாளில் வந்தால் கோவிலைப் பார்க்கலாம், ஊரைப் பார்க்க முடியாது.

முதல் வேலை ரொட்டி. அதன் பெயரே 'பாஸ்கா'. தமிழ்க் கிறிஸ்தவர் பாஸ்கா என்று சொல்வதும் இதே சொல்தான், எபிரேயத்திலிருந்து இரண்டு வழியாகப் போனது. ஒரு கிலோ மாவு, 42 கிராம் ஈஸ்ட் கட்டி ஒன்று, அரை லிட்டர் பால், 150 கிராம் வெண்ணெய், நான்கு மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி உப்பு. திராட்சை போடுகிற வீடும் உண்டு, போடாத வீடும் உண்டு. வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட்டும் ஒரு கரண்டி சர்க்கரையும் கரைத்து நுரைக்க விடுங்கள். பத்து நிமிடத்தில் நுரை எழாவிட்டால் அந்த ஈஸ்ட்டை நம்பி மாவைக் கெடுக்காதீர்கள். பால் கை பொறுக்காத சூட்டில் இருந்தாலும் ஈஸ்ட் செத்துவிடும்.

உருகிய வெண்ணெயைக் கடைசியில் சேர்த்து, கால் மணி நேரமாவது பிசைய வேண்டும். கையை விட்டும் பாத்திரத்தை விட்டும் மாவு தானே கழன்று வருவது அடையாளம். துணி போட்டு மூடி ஒன்றரை மணி நேரம், இரட்டிப்பாகட்டும். இதற்குள் யாராவது கதவைத் திறந்துபோட்டால் பாட்டியின் குரல் உயரும்: குளிர்காற்று பட்டால் மேல்தோல் காய்ந்து மாவு உப்பாது. பிறகு ஐந்தில் ஒரு பங்கைப் பின்னலுக்கு எடுத்துவைத்து, மிச்சத்தை உருட்டி, எண்ணெய் தடவிய வட்டப் பாத்திரத்தில் பாதி உயரத்துக்கு மட்டும் வைக்கிறார்கள். ஓரத்தைச் சுற்றி ஒரு சடைப் பின்னல், நடுவில் சிலுவை. இன்னும் அரை மணி நேரம் ஓய்வு, முட்டை தடவி 180 டிகிரியில் ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி வரை.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். இரண்டாம் ஓய்வை அவசரப்பட்டுக் குறைத்தால் அடுப்பில் மாவு திமிறி எழுந்து பின்னலுக்குக் கீழே பக்கவாட்டில் பிளக்கும், சடை தொப்பி போலத் தூக்கிக்கொள்ளும். இன்னொன்று, மேலே நிறம் வந்ததும் வெந்துவிட்டது என்று எடுப்பது. உயரமான ரொட்டி, நடு மாவு கடைசியில்தான் வேகும். மேல் கருகத் தொடங்கினால் அலுமினியத் தாளால் மூடித் தொடர வேண்டும். கவிழ்த்து அடியில் விரலால் தட்டினால் வெற்றுப் பெட்டிச் சத்தம் வர வேண்டும்.

அடுத்தது முட்டைக்கட்டி. ஸ்லோவாக்கில் 'ஹ்ருத்கா', ரூசின் வீடுகளில் 'சிரெக்' என்றும் சொல்வார்கள். பன்னீர் செய்யத் தெரிந்தவர்களுக்குக் கை உடனே பழகும். பத்து முட்டை, ஒரு லிட்டர் பால், ஒரு தேக்கரண்டி உப்பு. எலுமிச்சையும் வினிகரும் வேண்டாம், முட்டையே பாலைக் கட்டும். முட்டையை நன்றாக அடித்துக் குளிர்ந்த பாலில் கலந்து, அடிகனத்த பாத்திரத்தில் மிதமான தீயில் வைக்க வேண்டும். கொதிக்கிற பாலில் முட்டையை ஊற்றினால் நூல்நூலாக வெந்து, கட்டியாகச் சேராது.

இனி கரண்டி நிற்கக் கூடாது. மரக்கரண்டியின் நுனி பாத்திரத்தின் அடியைத் தடவிக்கொண்டே போகிறது, எட்டு போட்டது போல. பத்து நிமிடம் வரை ஒன்றும் நடக்காது. பிறகு கரண்டியில் ஒரு கனம் தெரியும், கஞ்சி போல. அதற்குப் பின் திடீரென்று மஞ்சள் திரட்சி ஒரு பக்கம், இளம்பச்சை கலந்த தெளிநீர் ஒரு பக்கம் என்று பிரியும். பிரிந்த நீர் பால்வெள்ளையாக இருந்தால் இன்னும் ஆகவில்லை. அப்போதே இறக்கினால் துணியில் நிற்காமல் வழிந்துவிடும். நீர் தெளிந்த பிறகும் தீயில் விட்டால் ரப்பர் ஆகிவிடும். தெளிந்த உடனே மெல்லிய துணியில் கொட்டி, நான்கு மூலையையும் சேர்த்துச் சூடு பொறுக்கிற அளவுக்கு முறுக்கிப் பிழிந்து, முடிச்சுப் போட்டுக் குழாயிலோ ஆணியிலோ தொங்கவிடுகிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் சொட்டட்டும், பிறகு குளிரில் வையுங்கள். ஆறுவதற்கு முன் துணியை அவிழ்த்துப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள்: சூட்டில் அவிழ்த்தால் உருண்டை பிளக்கும். ஆறிய பின் துணியின் மடிப்புகள் எல்லாம் கட்டியின் மேல் வரியாகப் பதிந்திருக்கும்.

மூன்றாவது, 'க்ரின்'. முள்ளங்கியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காரமான வேர். வேகவைத்துத் துருவிய பீட்ரூட்டோடு கலந்து, வினிகர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை. காரம் நாக்கில் நிற்காது, மூக்கு வழியாக உச்சிக்கு ஏறும். சன்னலைத் திறந்துவைத்துத் துருவுங்கள். துருவிய உடனே வினிகர் விட்டால் காரம் நிலைக்கும், காற்றில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் மந்தமாகிவிடும்.

இவற்றையெல்லாம் ஆசீர்வாதத்துக்காகக் கோவிலுக்குக் கூடையில் கொண்டுபோவார்கள். அதில் அடுக்குகிற முறை: நடுவில் பாஸ்கா, சுற்றிலும் முட்டைக்கட்டி, எழுதிய முட்டைகள், பன்றித்தொடை இறைச்சி, கொத்துக்கறி அடைத்த குடல், வெண்ணெய், க்ரின், ஒரு சிமிழில் உப்பு. தவக்காலத்தில் நாற்பது நாள் விட்டிருந்த பண்டம் ஒவ்வொன்றும் திரும்பி வருகிறது. மேலே பூத்தையல் போட்ட துணி. வீட்டுப் பெண்கள் அந்தத் துணிகளைத் தலைமுறையாகக் காக்கிறார்கள்.

உயிர்ப்பு ஞாயிறு

ஒரே குருவானவர் பல ஊர்களைப் பார்க்கிறார். ஆகவே கூடையை மந்திரிக்கிற, அதாவது ஆசீர்வதிக்கிற நேரம் ஊருக்கு ஊர் மாறும். ஒரு ஊரில் விடியற்காலை, இன்னொன்றில் முந்தின இரவே முடிந்துவிடும். சனிக்கிழமையே கோவில் அறிவிப்புப் பலகையைப் பார்த்து வைப்பது அவசியம். மரக்கோவிலில்தான் நடக்கும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், சில ஊர்களில் புதிய கோவில் தனியாக உண்டு.

வழிபாடு வெளியே தொடங்குகிறது. மக்கள் பாடிக்கொண்டு கோவிலைச் சுற்றி வருகிறார்கள், கதவு மூடியிருக்கிறது. குருவானவர் கையிலுள்ள சிலுவையால் கதவைத் தட்டுகிறார். 'க்ரிஸ்தோஸ் வோஸ்க்ரெஸே', கிறிஸ்து உயிர்த்தார் என்ற பாட்டு எழும்போது கதவு திறக்கிறது. இரண்டு நாள் ஓய்ந்திருந்த மணி அப்போது அடிக்கத் தொடங்கும். உள்ளே படச்சுவரின் நடுக்கதவும் திறந்திருக்கிறது. வழக்கமாக வழிபாட்டில் சில நேரம் மட்டும் திறக்கிற அரசக் கதவு, இந்த வாரம் முழுக்க மூடுவதில்லை. இசைக்கருவி கிடையாது, மக்கள் குரல் மட்டும். சிறிய மரக்கூட்டில் அந்தக் குரல் பலகை வழியாகக் காலுக்கு ஏறுகிறது.

பிறகு புல்வெளியில் கூடைகளை வட்டமாகவோ வரிசையாகவோ வைத்துத் துணியை மடக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு கூடையிலும் ஒரு மெழுகுவர்த்தி. குருவானவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே போகிறார். கூடைகளுக்கும் குருவுக்கும் இடையில் கேமராவோடு புகாதீர்கள், வரிசைக்குப் பின்னால் நின்றால் நன்றாகவே தெரியும்.

மந்திரித்த உடனே எல்லாரும் வேகமாக வீட்டுக்கு நடக்கிறார்கள். முதலில் வீடு சேர்பவருக்கு அந்த ஆண்டு அறுவடை முதலில் முடியும் என்பது பழைய நம்பிக்கை. வீட்டில் மூத்தவர் மந்திரித்த முட்டை ஒன்றை ஆளுக்கு ஒரு துண்டாக அறுத்துக் கொடுத்த பிறகுதான் சாப்பாடு. ஓட்டையும் ரொட்டித் தூளையும் குப்பையில் போடமாட்டார்கள்: எரிப்பார்கள் அல்லது மண்ணில் புதைப்பார்கள். விருந்தாளி தட்டில் மிச்சம் வைத்தால் அந்த வீட்டுக்குச் சங்கடம். கொஞ்சமாக வாங்கி முழுதாகச் சாப்பிடுங்கள். இன்று முதல் நாற்பது நாள் வாழ்த்தும் மாறும். 'க்ரிஸ்தோஸ் வோஸ்க்ரெஸே' என்றால் 'வோயிஸ்தினு வோஸ்க்ரெஸே', மெய்யாகவே உயிர்த்தார்.

நாள் விஷயத்தில் கவனம் வேண்டும். இங்கே கிரேக்கக் கத்தோலிக்கரும் (கிழக்கத்திய வழிபாட்டு முறையில் இருந்துகொண்டே ரோமின் திருத்தந்தையை ஏற்பவர்கள்) அவரை ஏற்காத ஆர்த்தடாக்ஸ் சபையாரும் பக்கத்துப் பக்கத்து ஊரில், சில சமயம் ஒரே ஊரில் வாழ்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் உயிர்ப்பு நாள் பழைய ஜூலியன் கணக்கு. 2025இல் இரண்டும் ஏப்ரல் 20 அன்று சேர்ந்து வந்தன. 2024இல் கத்தோலிக்கருக்கு மார்ச் 31, ஆர்த்தடாக்ஸுக்கு மே 5 என்று ஐந்து வாரம் தள்ளிப்போனது. 2026இல் ஏப்ரல் 5, ஏப்ரல் 12. லதோமிரோவாவில் 1742இல் கட்டிய கிரேக்கக் கத்தோலிக்க மரக்கோவிலும் உண்டு, 1920களில் அச்சகத்தோடு இயங்கிய ஆர்த்தடாக்ஸ் மடம் இருந்ததும் அங்கேதான். அந்தத் துறவிகள் 1944இல் வெளியேறிக் கடைசியில் நியூயார்க் மாநிலம் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தப் பிரிவைப் பற்றிப் பேச்சு எடுக்க வேண்டாம் என்பது எங்கள் அறிவுரை. 1950 ஏப்ரல் 28 அன்று கம்யூனிஸ்ட் அரசு கிரேக்கக் கத்தோலிக்க சபையையே இல்லாமல் ஆக்கியது. கோவில்கள் ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மாறின. மறுத்த குருக்கள் சிறைக்கோ செக் பகுதிக்கோ போனார்கள். ஆயர் பாவோல் கோய்திச் 1960இல் சிறையிலேயே இறந்தார். 1968இல் அனுமதி திரும்பியபோது எந்தக் கோவில் யாருக்கு என்று ஊருக்கு ஊர் பிணக்கு. ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் தம்பி குடும்பங்களுக்குள்ளேயே அந்தக் காயம் உண்டு. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

திங்கள்

இன்று தண்ணீர் நாள். ஆண்கள் வீடுவீடாகப் போய்ப் பெண்கள் மேல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வாளியும் உண்டு, குவளையும் உண்டு, வயதானவர்களுக்குச் சில துளி வாசனைத் தண்ணீர். ஊற்றியவருக்கு எழுதிய முட்டையும் ஒரு சிறு கிண்ணம் பிளம் சாராயமும். நாள் முழுக்கப் பத்து வீடு ஏறினால் பத்துக் கிண்ணம், ஆகவே இன்று கார் ஓட்டுவதாக இருந்தால் முதல் கிண்ணத்தையே மறுத்துவிடுங்கள். ஸ்லோவாக்கியாவில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் ஆல்கஹால் துளியும் கூடாது. கைப்பேசியைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

மதியம் நடக்கலாம். ப்ரீக்ராவில் 1777ஆம் ஆண்டுக் கோவில், மிரோல்யாவில் 1770ஆம் ஆண்டுக் கோவில், இரண்டையும் ஒரே பகலில் நடந்து பார்த்துத் திரும்பலாம். ப்ரீக்ரா ஸ்லோவாக்கியாவின் மிகச் சிறிய ஊர்களில் ஒன்று, விரல்விட்டு எண்ணிவிடலாம் ஆட்களை. அங்கேயும் சாவிக்கு முன்கூட்டியே பேச வேண்டும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி நடங்கள், ஏப்ரலில் உண்ணி கிளம்பிவிடும். இரவில் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் பார்த்து, கடித்திருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய் தடவிக் காத்திருக்கக் கூடாது. காட்டில் கரடி உண்டு, பேசிக்கொண்டே போங்கள்.

காட்டில் துருப்பிடித்த எதையும் தொடாதீர்கள். 1944 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய துக்லா போர், சில நாளில் முடியும் என்று போட்ட கணக்கை மீறி வாரக்கணக்கில் நீண்டது. அக்டோபர் 6 அன்று எல்லை ஊரான விஷ்னி கொமார்னிக் ஜெர்மானியப் படையிடமிருந்து மீட்கப்பட்டது, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் முதலில் மீண்ட ஊர் அது. கபிஷோவாவுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கை மரணப் பள்ளத்தாக்கு என்கிறார்கள். வயலில் இன்றும் டாங்குகள் நினைவாக நிற்கின்றன. குண்டுகள் இன்னும் மண்ணில் கிடக்கின்றன. கண்டால் தள்ளி வந்து, இடத்தை நினைவில் வைத்து, 112 அல்லது காவல்துறைக்கு 158.

செவ்வாய்

கார்கள் நேற்று மாலையே போய்விட்டன. ஒவ்வொன்றின் பின்னிருக்கையிலும் பாதிப் பாஸ்காவும் துணியில் சுற்றிய முட்டைக்கட்டியும் போயிருக்கும். உங்களுக்கும் ஒரு துண்டு தருவார்கள். முட்டைக்கட்டி குளிரில் மூன்று நான்கு நாள் தாங்கும், பையில் வெயிலில் வைத்தால் அன்றே கெடும். ரொட்டி துணியில் இருக்கட்டும், பிளாஸ்டிக் உறையில் பூசணம் பிடிக்கும்.

வாடகை வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு முன் அடுப்புச் சாம்பலைத் தகர வாளியில் மட்டும் கொட்டுங்கள், உள்ளே கங்கு இரண்டு நாள்வரை உயிரோடு இருக்கும். கோவில் பக்கம் போனால் பாட்டி மெழுகு சிந்திய பலகையைச் சுரண்டிக்கொண்டிருப்பார். வெளிக்கதவைப் பூட்டினாலும் உள்ளே அரசக் கதவு அடுத்த சனி வரை திறந்தே இருக்கும். பேருந்து நிறுத்தம் சாலையோரம், அட்டவணையில் இன்றைய நேரத்துக்குப் பக்கத்தில் இரண்டு சுத்தியல். ஓட்டுநரிடமே சீட்டு வாங்கலாம், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.